டோக்கன் வந்தது, போனது: ஸ்மார்ட் கார்டு ரீடர் நிரல் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகம். மேசை இழுப்பறையில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று, அதற்குள் நாற்பது ஐம்பது டிஎஸ்சி டோக்கன்கள், அதாவது டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழைச் சுமக்கும் யூஎஸ்பி சாதனங்கள். ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்டு போட்டு ஒரு சீட்டு: அரிசி ஆலை, பாத்திரக்கடை, சீவல் கம்பெனி, லாரி டிரான்ஸ்போர்ட். (டோக்கன் உரியவர் கையில்தான் இருக்கவேண்டும். ஊர் நடைமுறை வேறாக இருக்கிறது. அந்தச் சண்டையை இங்கே போடவில்லை.) காலையிலிருந்து ராத்திரி வரை ஒன்றைச் செருகுவதும் இன்னொன்றைப் பிடுங்குவதுமாக வேலை ஓடும். எந்த டோக்கன் இப்போது செருகியிருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, சான்றிதழ் எப்போது காலாவதியாகிறது என்று திரையில் காட்டுவதற்காக லினக்ஸில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். பிறகு கையெழுத்துப் போடும் வேலையையும் அதில் சேர்த்தேன். மூலநிரல் திறந்தே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர்களும் கேட்ட கேள்விகளைத்தான் கீழே சேர்த்திருக்கிறேன்.

ஒரு குறிப்பு: செயற்கூறுகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில், நடுவில் கோடு போட்டு எழுதியிருக்கிறேன். நிரலில் எழுதும்போது கோடு வராது.

ஸ்மார்ட் கார்டு என்றால் நம் ரேஷன் கார்டா?

இல்லை. தமிழ்நாட்டில் 2017இல் கொடுக்கத் தொடங்கிய ஸ்மார்ட் குடும்ப அட்டையில் இருப்பது க்யூஆர் குறியீடு. கேமராவோ ஸ்கேனரோ இருந்தால் போதும். ஆதார் பிவிசி அட்டையும் அப்படித்தான். நாம் பேசுவது சிப் உள்ள கார்டைப் பற்றி: வங்கி கார்டு, சிம் கார்டு, டிஎஸ்சி டோக்கன். அந்தச் சிப் வெறும் நினைவகம் கிடையாது. அதற்குள் ஒரு குட்டிச் செயலி இருக்கிறது, கேட்டால் பதில் சொல்லும், தவறான பின் எண் கொடுத்தால் எண்ணிக்கை வைத்துப் பூட்டிக்கொள்ளும். டிஎஸ்சி டோக்கன் பார்ப்பதற்குப் பென் டிரைவ் மாதிரி இருந்தாலும் உள்ளே ஒரு ரீடரும் ஒரு கார்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர்களாக இருக்கின்றன. கணினி அதை "கார்டு செருகியே இருக்கும் ஒரு ரீடர்" என்றுதான் பார்க்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் தொல்லைகளில் பாதிக்கு இதுதான் காரணம்.

ஹாட் பிளக்கைப் பற்றி (கணினி ஓடும்போதே செருகி எடுப்பதைப் பற்றி) தனியாகப் பேச என்ன இருக்கிறது? யூஎஸ்பியில் எல்லாமே செருகி எடுப்பதுதானே?

மவுஸைப் பிடுங்கிச் செருகினால் எதுவும் கெட்டுப்போகாது. மவுஸுக்கு நேற்றைய ஞாபகம் கிடையாது. கார்டுக்கு உண்டு. பின் எண் சரிபார்த்து, ஒரு கோப்பைத் திறந்து, பாதிக் கையெழுத்தில் இருக்கும்போது பிடுங்கினால் அந்த நிலை முழுவதும் அழிந்துவிடும். மறுபடி செருகியது அதே கார்டா, அதே மாதிரி இன்னொன்றா என்பதும் வெளியிலிருந்து தெரியாது. ஆகவே ஹாட் பிளக்கில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. வந்ததையும் போனதையும் கண்டுபிடிப்பது ஒன்று. போன கார்டைப் பற்றி நிரல் வைத்திருந்த எல்லாவற்றையும் மறப்பது இன்னொன்று. முதலாவதை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். இரண்டாவதில்தான் வழுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்தேன். அந்தக் கதை கீழே வருகிறது.

இதற்கு நான் யூஎஸ்பியோடு நேரடியாகப் பேசவேண்டுமா?

வேண்டாம். அதற்கு ஏற்கனவே நல்ல அடுக்குகள் இருக்கின்றன. கார்டுக்கும் ரீடருக்கும் நடுவே மின்னிணைப்பும் மொழியும் ஐஎஸ்ஓ 7816 தரத்தில் இருக்கின்றன. ரீடருக்கும் கணினிக்கும் நடுவே சிசிஐடி என்ற யூஎஸ்பி வகை. கணினிக்குள் நிரலுக்கும் ரீடருக்கும் நடுவே பிசிஎஸ்சி. விண்டோஸில் இது உள்ளேயே வருகிறது. லினக்ஸில் அதே இடைமுகத்தைத் தருவது பிசிஎஸ்சி-லைட். மஸில் என்ற திட்டத்தின் கீழ் டேவிட் கார்கோரன் தொடங்கியது. பல வருடங்களாக அதையும் சிசிஐடி டிரைவரையும் பராமரிப்பவர் லூடோவிக் ரூசோ. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டால் உங்கள் நிரல் ரீடரின் பிராண்டைப் பற்றிக் கவலைப்படவேண்டியதில்லை.

யூஎஸ்பியைத் தானே திறந்து பேசும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு ரீடரைப் பிடித்துக்கொண்டால் மற்ற எந்த நிரலுக்கும் அது கிடைக்காது. பொதுக்குளத்துக்கு வேலி போட்ட மாதிரிதான்.

டோக்கனைச் செருகியதிலிருந்து திரையில் பெயர் வரும்வரை உள்ளே என்ன நடக்கிறது?

டோக்கன் போர்ட்டில் உட்கார்ந்ததும் அதனுள் இருக்கும் ஒரு மின்தடை யூஎஸ்பி தரவுக் கம்பிகளில் ஒன்றை மேலே இழுக்கிறது. ஹப் அதைப் பார்த்துவிட்டு உடனே நம்பிவிடாது. கை நடுங்கலாம், முனை முழுதாக உட்காராமல் இருக்கலாம் என்பதால் இணைப்பு 100 மில்லி விநாடி நிலையாக இருக்கிறதா என்று காத்திருக்கும். பிறகு ரீசெட், முகவரி, "நீ யார்?" என்ற விசாரணை. டோக்கன் தன் விற்பனையாளர் எண், பொருள் எண், சிசிஐடி வகை எண்ணான 0பி (பதினாறடிமான எண்) ஆகியவற்றைச் சொல்லும்.

அடுத்து லினக்ஸின் கருவான கெர்னல் ஒரு செய்தியை வெளியிடுகிறது. அதை, சாதனங்களைக் கவனிக்கும் சேவையான யூடெவ் வாங்கி, சாதனக் கோப்புக்கு அனுமதிகளைச் சரிசெய்துவிட்டு, தன் பங்குக்கு மறுபடி அறிவிக்கிறது. பிசிஎஸ்சி-லைட்டின் பின்னணிச் சேவையான பிசிஎஸ்சிடி காது கொடுப்பது யூடெவின் இந்த இரண்டாம் அறிவிப்புக்குத்தான். கெர்னலின் முதல் செய்தியைக் கேட்டுக்கொண்டு ஓடினால் அனுமதி தயாராகும் முன்பே கதவைத் தட்டித் திரும்பவேண்டியிருக்கும். நீங்களே யூடெவோடு பேசும் நிரல் எழுதினாலும் இதை மறக்கவேண்டாம்.

பிசிஎஸ்சிடி விற்பனையாளர் எண், பொருள் எண் இரண்டையும் டிரைவரின் இன்ஃபோ.பிலிஸ்ட் கோப்பில் தேடுகிறது. இருந்தால் டிரைவரை ஏற்றி, ரீடருக்கு ஒரு பெயர் வைக்கிறது. கடைசியில் இரண்டு எண்கள் ஒட்டிக்கொள்ளும், "00 00" என்பது போல: முதலாவது ரீடரின் வரிசை, இரண்டாவது அதற்குள் எத்தனையாவது துளை. பிறகு கார்டுக்கு மின்சாரம் கொடுத்து ரீசெட் செய்ய, கார்டு ஏடிஆர் என்ற வணக்கத்தைச் சொல்லும். அதிகபட்சம் 33 பைட். முதல் பைட் பெரும்பாலும் 3பி, சில கார்டுகளில் 3எஃப்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் உங்கள் நிரலின் முறை. எனவே "ரீடர் வந்துவிட்டது" என்ற அறிவிப்பு கிடைத்த அதே நொடியில் கார்டோடு பேச முயன்று, தோற்று, "டோக்கன் பழுது" என்று திரையில் எழுதிவிடாதீர்கள். ரீடர் வந்தது ஒரு நிகழ்வு, கார்டு தயாரானது வேறொரு நிகழ்வு.

விநாடிக்கு ஒருமுறை ரீடர் பட்டியலைக் கேட்டுக்கொண்டே இருந்தால் போதாதா?

வேலை நடக்கும். ஆனால் கடைமடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். ஜூன் 12 மேட்டூர் திறந்தாகிவிட்டது, தலைஞாயிறு பக்கம் தண்ணீர் எப்போது வரும் என்று மணிக்கொருமுறை வாய்க்காலுக்கு நடந்து பார்ப்பது ஒரு வழி. மேல்மடைக்காரர் "தண்ணி வந்துடுச்சு" என்று குரல் கொடுக்கும்வரை வேறு வேலையைப் பார்ப்பது இன்னொரு வழி. குரல் கேட்டதும் யாரும் நேராக நாற்றைப் பறிக்கப் போகமாட்டார்கள். வாய்க்காலுக்குப் போய் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

நிரலிலும் அப்படியே செய்யுங்கள். அறிவிப்பு வரும்வரை தூங்குங்கள். வந்ததும் அறிவிப்பில் இருப்பதை நம்பி முடிவெடுக்காமல், பட்டியலை மறுபடி கேட்டு உங்கள் பழைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். அறிவிப்புக்கு எழுப்பிவிடும் வேலை மட்டும்தான்.

சரி, எந்தச் செயற்கூறு?

எஸ்கார்டு-கெட்-ஸ்டேட்டஸ்-சேஞ்ச். நீங்கள் அறிந்த நிலையை அதனிடம் கொடுத்தால், உண்மை நிலை அதிலிருந்து மாறும்வரை அல்லது நீங்கள் சொன்ன நேரம் தீரும்வரை அது திரும்பி வராது. முதல் தடவை "எனக்கு எதுவும் தெரியாது" என்ற நிலையைக் கொடுங்கள், இப்போதைய நிலவரத்தோடு உடனே திரும்பும். அதை அப்படியே அடுத்த அழைப்பில் "நான் அறிந்த நிலை" என்று திருப்பிக் கொடுக்கவேண்டும். இதை மறந்துவிட்டு, செயற்கூறு ஓயாமல் திரும்பித் திரும்பி வருகிறது, சிபியு 100 சதவீதம் போகிறது என்று புலம்புகிறவர்கள் மாதத்துக்கு ஒருவராவது எனக்கு எழுதுகிறார்கள்.

ரீடரே புதிதாக வருவதை இதே செயற்கூறில் அறிய ஒரு பொய்ப் பெயர் இருக்கிறது. ரீடர் பெயருக்குப் பதிலாக இரண்டு பின்சாய்கோடு, கேள்விக்குறி, பிஎன்பி, கேள்விக்குறி, ஒரு பின்சாய்கோடு, நோட்டிஃபிகேஷன் என்று சேர்த்து எழுதவேண்டும். எந்த ரீடர் வந்தது என்று அது சொல்லாது, ஏதோ மாறியது என்று மட்டும் சொல்லும். அதுவே போதும்.

காத்திருக்கும் இழைக்கு (த்ரெட்) தனி கான்டெக்ஸ்ட், அதாவது பிசிஎஸ்சிடியோடு தனித் தொடர்பு, எடுங்கள். ஒரே கான்டெக்ஸ்டை வைத்துக்கொண்டு ஒரு இழை காத்திருக்க, இன்னொரு இழை கார்டோடு பேசப் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நிற்கும். நிரலை மூடும்போது காத்திருக்கும் இழையை எழுப்ப எஸ்கார்டு-கேன்சல் இருக்கிறது. அதைப் போடாததால் என் நிரலின் முதல் பதிப்பை மூடவே முடியாது. ஜன்னல் போய்விடும், உள்ளே உயிர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

அறிவிப்பு தவறிப்போக வாய்ப்பு உண்டா?

உண்டு. நீங்கள் பட்டியல் கேட்டு முடித்ததற்கும் காத்திருக்கத் தொடங்கியதற்கும் இடையில் ஒரு டோக்கன் வந்து உட்கார்ந்தால் அந்த மாற்றம் உங்களுக்குத் தெரியாமலே போகலாம். அதனால் முடிவில்லாமல் காத்திருக்கவேண்டாம். சில விநாடிகளுக்கு ஒருமுறை நேரம் தீர்ந்து எழுந்து, பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி தூங்கட்டும். குரல் கேட்காவிட்டாலும் சாயந்தரம் ஒரு நடை வாய்க்காலுக்குப் போய் வருவதில்லையா, அது மாதிரி.

சாதாரண ரீடரில் கார்டை மட்டும் எடுத்துச் சட்டென்று வேறு கார்டைப் போட்டால்? முன்னும் "கார்டு இருக்கிறது", பின்னும் "கார்டு இருக்கிறது". நிலைக் கொடிகளில், அதாவது நிலையைச் சொல்லும் பிட்டுகளில், வித்தியாசம் இருக்காது. ஆனால் நிலை எண்ணின் மேல் 16 பிட்டுகளில் ஒரு எண்ணி (கவுன்டர்) இருக்கிறது. கார்டு வரும்போதும் போகும்போதும் அது ஒன்று கூடும். அதைப் பாருங்கள். பலர் கொடிகளை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொண்டு இந்த எண்ணியைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

டோக்கனைப் பூட்டிவிட்டீர்களாமே, என்ன நடந்தது?

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. சரி, சொல்கிறேன்.

ஒவ்வொரு கையெழுத்துக்கும் பின் எண் கேட்டால் அலுவலகத்தில் முணுமுணுப்பார்கள் என்று, ஒருமுறை கொடுத்த பின் எண்ணைப் பத்து நிமிடம் நினைவில் வைத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். எந்த டோக்கனின் பின் எண் என்பதை ரீடர் பெயரை வைத்து அடையாளம் கண்டேன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் கார்டோடு இணைப்பைத் துண்டித்துவிட்டு, அடுத்த வேலைக்குப் புதிதாக இணைத்தேன். அதோடு நிற்காமல், முனை சரியாகப் படாமல் தோற்றால் மறுபடி முயலட்டும் என்று ஐந்து முறை சுற்றும் ஒரு வளையமும் போட்டிருந்தேன். அன்றைக்கு இது எல்லாமே எனக்குப் புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

ஒரு மாதம் 20ஆம் தேதி சாயந்தரம். ஜிஎஸ்டிஆர் 3பி என்ற மாத ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். அரிசி ஆலையின் டோக்கனைப் பிடுங்கிவிட்டு அதே போர்ட்டில் பாத்திரக்கடையின் டோக்கனைச் செருகினார்கள். இரண்டும் ஒரே மாடல். ரீடர் பெயர் அதே, கடைசி "00 00" கூட அதே. ஏடிஆர் அதே, ஏனென்றால் ஏடிஆர் மாடலைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. பழைய ரீடர் போய்ப் புதிய ரீடர் வந்ததால் எண்ணியும் முதலிலிருந்து தொடங்கி அதே எண்ணில் வந்து நின்றது. என் நிரலின் கண்ணுக்கு எதுவுமே மாறவில்லை. அரிசி ஆலையின் பின் எண்ணைப் பாத்திரக்கடைக்கு அனுப்பியது. தோற்றது. முனை படவில்லை போல என்று மறுபடி அனுப்பியது. ஐந்து முறையும் அனுப்பியது.

"தம்பி, லாக்குன்னு காட்டுதே, இப்ப கடைக்காரருக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று ஆடிட்டர் சார் போனில் கேட்டபோது என்னிடமும் பதில் இல்லை. பூட்டிய டோக்கனை அழித்துத் துவக்கினால் உள்ளே இருக்கும் சாவியும் போய்விடும். புதிய சான்றிதழுக்கு மறுபடி விண்ணப்பம், மறுபடி வீடியோ சரிபார்ப்பு. தாமதக் கட்டணத்தை நான் கட்டினேன். கடைக்காரர் பெருந்தன்மையாக ஒரு பித்தளைச் செம்பு கொடுத்தார். அது இப்போது என் மேசையில் பேனா வைக்கப் பயன்படுகிறது.

அதன்பிறகு மாற்றியது இது. பின் எண்ணைச் சரிபார்த்த இணைப்பின் கைப்பிடியை (ஹேண்டில்) வேலை முடியும்வரை திறந்தே வைக்கிறேன். டோக்கனைப் பிடுங்கினால் அந்தக் கைப்பிடி செத்துவிடும், அடுத்த அழைப்பு பிழையோடு திரும்பும். பிழை வந்த கணத்தில் பின் எண்ணையும் கார்டைப் பற்றிய மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன். ரீடர் பெயரை எதற்கும் அடையாளமாக வைப்பதில்லை. புதிதாக இணைத்தால் முதலில் சான்றிதழின் வரிசை எண்ணைப் படித்து, பின் எண் கேட்கும் பெட்டியிலேயே உரியவர் பெயரைக் காட்டுகிறேன். பின் எண்ணைத் தானாக இரண்டாம் முறை அனுப்பும் வரியே இப்போது நிரலில் கிடையாது. வேலை முடிந்ததும் கார்டை "அப்படியே விட்டுவிடு" என்று துண்டிக்காமல் ரீசெட் செய்து துண்டிக்கிறேன். இல்லாவிட்டால் பின் எண் சரிபார்த்த நிலையிலேயே கார்டு நிற்கும், அடுத்து வரும் வேறு நிரல் அதைப் பயன்படுத்தலாம்.

கார்டின் பதிலையும் படியுங்கள். 90 00 என்றால் வேலை முடிந்தது. 63 சி2 என்றால் பின் எண் தவறு, இன்னும் 2 வாய்ப்பு மட்டும் இருக்கிறது. 69 83 என்றால் பூட்டியாயிற்று. நான் அன்றைக்கு 90 00 தவிர மற்ற எல்லாவற்றையும் "தோல்வி" என்று ஒரே பெட்டியில் போட்டு வைத்திருந்தேன்.

எந்தெந்தப் பிழையை "கார்டு போய்விட்டது" என்று எடுத்துக்கொள்வது?

பிசிஎஸ்சி செயற்கூறுகள் திருப்பும் பிழை எண்கள் இவை, எல்லாம் பதினாறடிமானம். 80100069 என்றால் கார்டை எடுத்துவிட்டார்கள். 80100017 என்றால் ரீடரே இல்லை. 8010000சி என்றால் துளையில் கார்டு இல்லை. டோக்கனைப் பிடுங்கும்போது எந்த நேரத்தில் பிடுங்கினீர்கள் என்பதைப் பொறுத்து இந்த மூன்றில் ஏதாவது ஒன்று வரும். மூன்றுக்கும் ஒரே சிகிச்சை: மறந்துவிட்டுப் பட்டியலுக்குத் திரும்புங்கள். 80100068 கொஞ்சம் வேறு. கார்டு அங்கேயே இருக்கிறது, ஆனால் வேறொரு நிரல் அதை ரீசெட் செய்துவிட்டது. மறுபடி இணைக்கலாம், பின் எண்ணைப் பயனரிடம்தான் கேட்கவேண்டும். 8010002ஈ என்பதை முதலில் பார்த்துப் பயப்படுவார்கள். அது பிழையே அல்ல, ஒரு ரீடரும் இல்லை என்கிறது, அவ்வளவுதான். "டோக்கனைச் செருகவும்" என்று காட்டிவிட்டுக் காத்திருங்கள்.

பைத்தானா, சியா?

பைத்தான். பைஸ்கார்டு நூலகத்தில் ரீடர் மானிட்டர், கார்டு மானிட்டர் என்று இரண்டு தயாராகவே இருக்கின்றன. அவை உங்களைக் கூப்பிடுவது வேறு இழையிலிருந்து. அங்கிருந்தே திரையைத் தொடாமல், ஒரு வரிசையில் போட்டு முதன்மை இழையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சியில் எழுதினால் ஒரு கண்ணி இருக்கிறது: 64 பிட் லினக்ஸில் பிசிஎஸ்சி-லைட்டின் டிவோர்டு என்ற எண் வகை 8 பைட், விண்டோஸில் 4 பைட். ஒரே மூலநிரலை இரண்டிலும் ஓட்டுகிறவர்கள் அளவை ஊகித்து எழுதவேண்டாம்.

செருகினேன், பட்டியலில் வரவே இல்லை. எங்கிருந்து தேடுவது?

கீழிருந்து மேலே. முதலில், யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை. அதில் தெரியவில்லையென்றால் உங்கள் நிரலைத் திட்டிப் பயனில்லை, கம்பி, ஹப், டோக்கன் இவற்றில் ஒன்று. தெரிந்தால், பிசிஎஸ்சிக்குத் தெரியும் ரீடர்களைக் காட்டும் பிசிஎஸ்சி-ஸ்கேன். அங்கே தெரிந்து உங்கள் நிரலில் மட்டும் தெரியவில்லையென்றால் தவறு உங்களுடையது.

எல்எஸ்யூஎஸ்பியில் இருந்து பிசிஎஸ்சி-ஸ்கேனில் இல்லாததுதான் சுவாரசியமான இடம். புதிய மாடலாக இருந்தால் அதன் எண்கள் இன்ஃபோ.பிலிஸ்ட்டில் இல்லாமல் போகலாம். விற்பனையாளர் எண், பொருள் எண், பெயர் மூன்றையும் அந்தந்தப் பட்டியலில் ஒரே வரிசை இடத்தில் சேர்க்கவேண்டும். ஒரு பட்டியலில் ஒரு வரி தள்ளிப்போனாலும் அதற்குக் கீழே உள்ள எல்லா ரீடர்களுக்கும் பெயர் மாறிவிடும். வேலை செய்தால் அதைச் சிசிஐடி திட்டத்துக்கும் அனுப்பிவையுங்கள், அடுத்தவருக்கு உதவும்.

வேறு இருவர் ரீடரைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஜிஎன்யூபிஜி என்ற மறைகுறியாக்க நிரலின் எஸ்சிடீமன் பின்னணியில் ஓடினால் ரீடரைத் தனக்கே என்று வைத்துக்கொள்ளும், "டிசேபிள்-சிசிஐடி" என்ற அமைப்பு அதற்கு மருந்து. தொடாமல் படிக்கும் என்எஃப்சி ரீடர்கள் சிலவற்றைக் கெர்னலின் பிஎன்533 மாட்யூல் முந்திக்கொண்டு பிடித்துவிடும், அதைத் தடைப்பட்டியலில் போடவேண்டும்.

எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து வந்து சோதிப்பவர்களுக்கு: அனுமதிகளைக் கவனிக்கும் போல்கிட் உங்களை உள்ளே விடாது. கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் பொதுவாக அனுமதி. இது தெரியாமல் மன்னார்குடியிலிருந்து கும்பகோணத்துக் கணினியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தேன்.

பிசிஎஸ்சிடி தானாக நின்றுவிடுகிறதே?

நிற்கும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி உள்ள லினக்ஸ்களில் யாராவது கூப்பிட்டால் எழுந்து, 60 விநாடி யாரும் இல்லையென்றால் படுத்துவிடும். உங்கள் நிரல் கான்டெக்ஸ்டைத் திறந்து வைத்திருக்கும்வரை நிற்காது. அதை யாராவது கையால் மறுதொடக்கம் செய்தால் உங்கள் கான்டெக்ஸ்ட் செல்லாது, புதிதாக எடுங்கள்.

விண்டோஸில் அப்படியே ஓடுமா?

பெரும்பாலும். இரண்டு இடங்களில் இடிக்கும். விண்டோஸ் 8 முதல், கடைசி ரீடரைப் பிடுங்கியதும் ஸ்மார்ட் கார்டு சேவையே நின்றுவிடுகிறது. 8010001ஈ வரும். டோக்கன் விஷயத்தில் கடைசி ரீடர் என்பது பெரும்பாலும் அந்த ஒரே டோக்கன்தான், ஆகவே ஒவ்வொரு பிடுங்கலுக்கும் இது நடக்கும். கான்டெக்ஸ்டை விட்டுவிட்டுப் புதிதாக எடுக்கும் வழி கட்டாயம் இருக்கவேண்டும். இன்னொன்று, கார்டைச் சற்று நேரம் உங்களுக்கே என்று பிடித்துவைக்கும் ஒரு டிரான்ஸாக்‌ஷனைத் திறந்துவிட்டு 5 விநாடிக்கு மேல் கார்டோடு எதுவும் பேசாமல் இருந்தால் விண்டோஸ் கார்டை ரீசெட் செய்துவிடும். டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு பயனரிடம் பின் எண் கேட்காதீர்கள். ஐந்து விநாடிக்குள் கண்ணாடியைத் தேடி எடுக்கவே முடியாது.

கரண்ட் போய்ப் போய் வருகிறது. அதற்கு ஏதாவது?

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். கணினி யூபிஎஸ்ஸில் இருக்கும், தனி மின்சாரம் வாங்கும் யூஎஸ்பி ஹப் மட்டும் சுவர் பிளக்கில் இருக்கும். கரண்ட் போன நொடியில் ஹப்பில் உள்ள எல்லாமே ஒரேயடியாக மறையும், வந்ததும் ஒரேயடியாகத் தோன்றும், அதுவும் வேறு வரிசையில். நேற்று "00 00" என்று இருந்தது இன்று "01 00" ஆகலாம். ரீடர் பெயரை அமைப்புக் கோப்பில் எழுதி வைத்தவர்கள் இங்கே மாட்டுவார்கள். நிரலைச் சரியாக எழுதுங்கள், அப்புறம் ஹப்பையும் யூபிஎஸ்ஸில் செருகுங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று வேறு. கார்டின் முனைகள் மங்கினால் ஏடிஆர் ஒருமுறை வரும், ஒருமுறை வராது. "கார்டு இருக்கிறது, ஆனால் பேசவில்லை" என்று ஒரு தனி நிலைக் கொடி பிசிஎஸ்சியில் இருக்கிறது. அதைக் கண்டால் "கார்டைத் துடைத்துவிட்டு மறுபடி செருகவும்" என்று காட்டுங்கள். "தெரியாத பிழை" என்று காட்டினால் உங்களுக்குத்தான் போன் வரும்.

கையில் டோக்கன் இல்லாமல் எப்படிச் சோதிப்பது?

விஸ்மார்ட்கார்டு திட்டத்தின் விபிசிடி ஒரு போலி ரீடரைப் பிசிஎஸ்சிடிக்குக் கொடுக்கும், போலிக் கார்டைக் கட்டளையால் போட்டு எடுக்கலாம். கார்டு நிகழ்வுகளுக்கு அது போதும். ரீடரே மறைவதைச் சோதிக்க உண்மையான டோக்கன் ஒன்று வேண்டும். கையால் பிடுங்க வேண்டியதில்லை. கெர்னல் தன் சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அந்த யூஎஸ்பி சாதனத்தின் "ஆத்தரைஸ்டு" கோப்பில் 0 எழுதினால் பிடுங்கிய மாதிரி ஆகும், 1 எழுதினால் செருகிய மாதிரி. ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் திறந்திருக்கும் கோப்புக் கைப்பிடிகளின் எண்ணிக்கை கூடியிருந்தால் எங்கோ இணைப்பைத் துண்டிக்க மறந்திருக்கிறீர்கள்.

மடிக்கணினியை மூடித் திறந்தும் பாருங்கள். தூங்கி எழுந்த பிறகு டோக்கன் புதிதாக வந்ததாகவே கணினி நினைக்கலாம்.

என் வங்கி கார்டைச் செருகிச் சோதிக்கலாமா?

ஏடிஆர் படிக்கலாம், ஒன்றும் ஆகாது. பின் எண் கட்டளையை மட்டும் அனுப்பாதீர்கள். மேலே உள்ள செம்புக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

என்ன உரிமம் போடுவது?

பிசிஎஸ்சி-லைட் பிஎஸ்டி வகை, சிசிஐடி டிரைவரும் ஓப்பன்எஸ்சி என்ற ஸ்மார்ட் கார்டு நூலகமும் எல்ஜிபிஎல். இவற்றின் மேல் நிற்கும் உங்கள் நிரலுக்கு எந்தத் திறமூல உரிமமும் பொருந்தும். நான் ஜிபிஎல் போட்டேன். டோக்கன் விற்பவர்கள் தரும் மூடிய நூலகத்தை உங்கள் தொகுப்போடு சேர்த்து விநியோகிக்காதீர்கள், அதைப் பயனரே நிறுவிக்கொள்ளட்டும்.

பிழை கண்டால் உங்களுக்கு எப்படி அனுப்புவது?

பிசிஎஸ்சிடியை முன்னணியில், டீபக் அமைப்போடு ஓட்டி, செருகியதிலிருந்து பிழை வரும்வரை உள்ள பதிவை முழுதாக அனுப்புங்கள். கடைசிப் பத்து வரியை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினால் என்னால் எதுவும் சொல்லமுடியாது. ஏபிடியு பதிவையும் (கார்டுக்குப் போகும் கட்டளைகளும் அதன் பதில்களும்) இயக்கியிருந்தால் அனுப்பும் முன் ஒருமுறை பாருங்கள்: 00 20 என்று தொடங்கும் வரி பின் எண் சரிபார்ப்பு, அதன் பின்னால் வரும் 31, 32, 33 எல்லாம் உங்கள் பின் எண்ணின் 1, 2, 3. அவற்றை அழித்துவிட்டு அனுப்புங்கள். இதுவரை மூன்று பேருடைய பின் எண் எனக்குத் தெரிந்துவிட்டது, மூவரையும் போனில் கூப்பிட்டு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.